காந்திமதியின் கிருமி

நல்ல நாட்டு முட்டை வேண்டுமென்றால் படப்பைச் சந்தைக்குத்தான் போக வேண்டும், சார். பண்ணை முட்டை எனக்கு ஆகாது. கோழித் தீவனத்தில் மருந்து கலந்துவிடுகிறார்கள். அந்த முட்டையில் காசநோய்க் கிருமி வளராது. முட்டையை அடித்து, வடிகட்டி, குப்பியில் ஊற்றிக் கெட்டியாக்கி, அதன்மேல் நோயாளியின் சளியைத் தடவி வைப்போம். முளைத்து வர ஒரு மாதத்துக்கு மேல் பிடிக்கும். தாம்பரம் பக்கத்து ஆஸ்பத்திரி லேபில் இதுதான் என் வேலை. பொறுமை இல்லாதவன் இந்தப் பக்கமே வரக்கூடாது.

எண்பத்தெட்டில் ஒரு மூலிகைச் சாறு எனக்கு வாகாக அமைந்தது. அதைக் கலந்த குப்பியில் காந்திமதி என்கிற நோயாளியின் கிருமி மட்டும் முளைக்கவே இல்லை. மற்றவர்களின் கிருமி அந்தச் சாற்றை மதிக்கவே இல்லை. காரணம் தெரிந்தால் புது மருந்துக்கே வழி பிறக்கும். பெரிய டாக்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்குக் கோபம் வரத்தான் செய்தது.

சிக்கல் ஒன்றுதான். குப்பிக்குக் குப்பி மாற்றிக்கொண்டே போனால் கிருமி சோர்ந்துவிடும், பழைய குணம் இருக்காது. புதுச் சளி வேண்டும். காந்திமதியோ மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறவள். இரண்டு மாதம் போனால் அவள் சளியில் கிருமியே இருக்காது.

குரோம்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தவள். வியாதி தெரிந்ததும் புருஷன் கழன்றுகொண்டான். மகள் ஞானஜோதிக்குத் தொற்றிவிடக் கூடாதென்று படப்பையில் அக்கா சரசு வீட்டில் விட்டிருந்தாள். சளியில் கிருமி இல்லை என்று நான் எழுதிக் கொடுக்கும் அன்றே மகளைக் கூட்டிவர இருந்தாள். எனக்கும் அவளுக்கும் பொழிச்சலூர்தான். பஸ் மாறி வந்து வரிசையில் நிற்க வேண்டாம், மாத்திரையை நானே கொண்டுவந்து தருகிறேன், சளியையும் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.

"உங்களுக்குக் கோடி புண்ணியம் சார்" என்றாள்.

நான் விஷம் கொடுக்கவில்லை. கேப்சூலில் இருந்த மருந்தைத் தட்டிவிட்டு அரிசி மாவு அடைத்தேன். மற்ற மாத்திரைகளுக்குப் பதில் கால்சியம். இரண்டும் உடம்பைக் கெடுக்காது.

ஆனால் அவள் விவரமானவள். "சார், இந்தக் கேப்சூல் துன்னா ஒண்ணுக்கு செவப்பா போவும்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அப்டி ஒண்ணும் போவலியே?"

"உன் உடம்பு மருந்த நல்லா இழுத்துக்குதும்மா" என்றேன். மறுவாரம் மாவோடு கொஞ்சம் பி காம்ப்ளெக்ஸ் பொடியும் சேர்த்தேன். "மஞ்சளா போவுது சார்" என்று நிம்மதியாகச் சொன்னாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

ரிப்போர்ட்டில் கிருமி இருக்கிறது என்றுதான் ஒவ்வொரு முறையும் எழுதினேன். பொய் ரிப்போர்ட் என் கையால் போனதில்லை. அதைப் பார்த்து டாக்டர் மருந்தை மாற்றுவார். நான் அதையும் மாற்றுவேன்.

"இந்த வாட்டியாவது கொயந்தைய இட்டுகினு வரலாமா சார்?"

"அடுத்த மாசம் பாக்கலாம்மா."

அவள் துரும்பாக இளைத்தாள். சளி மட்டும் அருமையாக இருந்தது.

ரத்தமாக இருமத் தொடங்கியதும் அவள் என்னைக் கேட்கவில்லை. படப்பைக்குப் போய் மகளை மடியில் போட்டுக்கொண்டாள். அங்கேயே உயிர் போய்விட்டது. நானும் போய் மாலை போட்டுவிட்டு வந்தேன். மீந்த கேப்சூலைச் சரசு மருந்துக் கடையில் காட்டியிருக்கிறாள். செங்கல் நிறத்தில் இருக்க வேண்டிய பொடி வெளுத்துக் கிடந்ததைக் கடைக்காரர் கண்டுபிடித்துவிட்டார்.

ஞானஜோதிக்கும் இப்போது இருமல் என்று உங்கள் ஏட்டு சொன்னார். பாவம், சின்னப் பிள்ளை. சரியான மாத்திரை கொடுக்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் கொஞ்சம் சளி எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

எழுதிக்கொள்ளுங்கள் சார், மருந்தை மாற்றியது நான்தான். மாற்றாமல் இருந்தால் காந்திமதி பிழைத்திருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் என்னைக் கொடுமைக்காரன் என்று எழுதிவிடாதீர்கள். எங்கள் லேபில் பக்கத்து அறையில் கினிப்பன்றிகளுக்கு ஊசி போட்டுப் பார்ப்பார்கள். அவை துடிப்பதைப் பார்க்க எனக்குச் சகிக்காது, கதவைச் சாத்திக்கொள்வேன். உயிருள்ள எதன்மீதும் நான் இதுவரை பரிசோதனை செய்ததில்லை. எல்லாம் குப்பியில்தான்.