குறைத்துக்கொள்ளாத யோகலட்சுமி அம்மையாருக்கு

காரைக்குடியில் கார்பனையும் கந்தகத்தையும் கனிவோடு கற்பித்த கண்ணியமே! ஆய்வகத்தின் அரசியே, அமிலத்தின் அளவறிந்த அறிவே, பணிவாகப் பேசினாலும் பின்வாங்கிப் போகாத பெருமாட்டியே! வேதியியல் ஆசிரியை திருமிகு யோகலட்சுமி அம்மையீர், வணக்கம்.

"தாங்கள்" என்றுதான் தமிழாசிரியர் கார்த்திகேய சிவம் இம்மடலை முதலில் எழுதினார். படித்துப் பார்த்தால் யாரோ வெளியூர் அமைச்சரை வரவேற்பது போல இருந்தது. ஆகவே "நீங்கள்" என்றே வாசிக்கிறோம்.

இன்று உங்களுக்குப் பணி நிறைவு. ஆனால் வழக்கமான வழியனுப்பு மடலாக இதை முடிக்க முடியாதபடி நேற்று ஒன்று நடந்துவிட்டது. நம் பள்ளித் தாளாளர் வயிரவன் ஐயா உங்களை அழைத்து, ஓய்வுக்குப் பிறகும் இதே வகுப்புகளை எடுக்கச் சொல்லியிருக்கிறார். வேலை அதே வேலை, சம்பளம் மட்டும் பாதி. விழா முடிந்ததும் பதில் சொல்வதாக நீங்கள் கூறியிருக்கிறீர்கள். ஐயா இதோ மேடையில்தான் அமர்ந்திருக்கிறார். உங்கள் பதிலுக்கு முன்னால், அவரும் கேட்கும்படி, எங்கள் மனத்தில் இருப்பதைச் சொல்லிவிடுகிறோம்.

சமன்பாடு சமனாகும்வரை மணி அடித்தாலும் வகுப்பை விடாதவர் நீங்கள். அரியக்குடித் தேரன்றும் சிறப்பு வகுப்பு வைத்து, பிள்ளைகளின் முணுமுணுப்பை வாங்கிக் கட்டிக்கொண்டு, மாலையில் அவர்களையே தேர் பார்க்கக் கூட்டிப்போனவர் நீங்கள். செய்முறை வகுப்பில் அமிலக் குப்பியைத் தொடப் பயந்த பிள்ளையின் அருகே போய், அது தானே ஊற்றி முடிக்கும்வரை நின்றவர் நீங்கள். உங்களிடம் படித்து மருத்துவரானவர்களைப் பற்றி ஆண்டு விழாதோறும் இந்த மேடை பேசியிருக்கிறது. உங்கள் சம்பளத்தைப் பற்றி ஒருவரும் பேசியதில்லை. அதை நீங்களேதான் பேச வேண்டியிருந்தது.

பேசிய விதத்தைத்தான் இந்த ஊர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் சிவகங்கையில் ஒரு பள்ளி, கூடுதல் சம்பளத்துக்கு உங்களுக்குப் பணி ஆணை அனுப்பியிருந்தது. சொல்லாமல் போகக் கூடாது, வெறுங்கையோடு போய்ச் சொல்லவும் கூடாது என்று, ஒரு வெள்ளிக்கிழமை வெற்றிலை பாக்குத் தட்டில் அந்த ஆணையை வைத்து, நல்ல காகிதமாயிற்றே என்று உறையின் மூலைகளில் மஞ்சளும் தடவி, ஐயா வீட்டுக்குப் போனீர்கள். அப்போது உங்கள் மூத்த மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். பத்திரிகை வைக்க வந்திருக்கிறீர்கள் என்று நினைத்த ஐயா, வழக்கப்படி ஆச்சியையும் அழைத்துப் பக்கத்தில் நிறுத்தி, தம்பதியாகத் தட்டை வாங்கிக்கொண்டார்.

"ரொம்பச் சந்தோசம் டீச்சர். எங்க வீட்டுல இருந்து என்ன செய்யணும், கூச்சப்படாமச் சொல்லுங்க" என்றார் ஆச்சி.

"கல்யாணம் இல்லீங்க ஆச்சி. எனக்கு வேற எடத்துல வேலை வந்திருக்கு. இங்கனயே இருக்கத்தான் ஆசை. அவுக தர்ற சம்பளத்தை நீங்க தந்தீகன்னா இருந்துக்கிறேன். இல்லாட்டி ஆசீர்வாதம் பண்ணி அனுப்பி வைங்க" என்றீர்கள்.

ஐயா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. உதவித் தலைமையாசிரியர் என்று பட்டம் தருவதாகச் சொன்னார். ஆண்டு விழாவில் பொன்னாடை போர்த்துவதாகச் சொன்னார். "பொன்னாடையக் குடுத்துப் பால் வாங்க முடியாதுங்கய்யா" என்று நீங்கள் சொன்னதும், ஆச்சிதான் முடித்து வைத்தார்: "தட்டை வாங்கியாச்சு, வாயாலயும் சொல்லியாச்சு. குடுத்துருங்க." தாம்பூலம் வாங்கிய கையோடு சொன்ன சொல்லை மாற்ற ஐயாவுக்கும் மனம் வரவில்லை. தொகையை வெளியே மட்டும் சொல்லக் கூடாது என்றார். "நானாச் சொல்ல மாட்டேன். கேட்டாகன்னா மறைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தீர்கள்.

நாங்கள் கேட்காமல் இருப்போமா? மறுநாள் மதியச் சாப்பாட்டிலேயே கேட்டோம். தொகையைச் சொன்னீர்கள். கூடவே இதையும் சொன்னீர்கள்: "போற மனசு இல்லாம ஆர்டரைக் காட்டாதீக. போயிட்டு வாங்கன்னுட்டா போயித்தான் ஆகணும். நான் லேப்ல என் அலமாரியக் காலி பண்ணி வச்சுட்டுத்தான் அய்யா வீட்டுக்குப் போனேன்."

அதன் பிறகு எங்களில் நாகேந்திரன் சம்பள உயர்வு கேட்டார், கிடைத்தது. அகிலா கேட்டார், பாதி கிடைத்தது, மீண்டும் கேட்டார். முத்துமாரியிடம் "போய்ட்டு வாங்க" என்றார்கள், போனார். சிவகங்கையில் சௌக்கியமாக இருக்கிறார், இன்று விடுப்புப் போட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ஐயாவின் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. கேட்காதவருக்கு யாரும் கொடுப்பதில்லை என்பது உங்களால் புரிந்தது, அவ்வளவுதான்.

அம்மையீர், நீங்கள் போவதில் எங்களுக்குத் தாங்க முடியாத வருத்தம். நீங்கள் இங்கேயே இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. ஆனாலும் பாதிச் சம்பளத்துக்குத் தலையாட்டிவிடாதீர்கள். பாதிப் பாடம் நடத்த உங்களுக்குத் தெரியாது. முழுச் சம்பளம் கேளுங்கள். கொடுத்தால் திங்கட்கிழமை வந்துவிடுங்கள். கொடுக்காவிட்டால் வராதீர்கள். வராவிட்டால் அழுவோம், அது எங்கள் பாடு. குறைத்துக்கொண்டு வந்தீர்களானால், நாளை எங்களில் யார் போய்க் கேட்டாலும் "யோகலட்சுமி டீச்சரே பாதிக்கு வாறாக" என்ற ஒரே பதில் எங்களுக்குக் காத்திருக்கும்.

சர்க்கரை ஏறாமல், முழங்கால் நோகாமல், மக்களும் மருமக்களும் சூழ, மனம்போல மதியத்தில் உறங்கி, நெடுங்காலம் நிறைவோடு நீங்கள் வாழ வேண்டும்.

இம்மடலுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டாயிற்று. ஆணியை உங்கள் வீட்டுச் சுவரில் அடிப்பதா, ஆசிரியர் அறைச் சுவரில் அடிப்பதா என்பதை மட்டும் இன்று மாலைக்குள் ஐயா சொல்லட்டும்.

இங்ஙனம்,
உங்கள் பக்கம் நிற்கும்
ஆசிரியர்கள், அலுவலர்கள் அனைவரும்,
காரைக்குடி.