வீட்டுக்கு வாங்கக்கா

போன ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்தரை. ஹாஃப் மூன் பே பீச்சுக்குப் போகிற மலைரோடு. எதிரே ஒரு கார்கூட இல்லை...

கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள். உள் ரூமில் ஜெஃப்ரின் ஃபோனும் கையுமாக இருக்கிறான். இது கலிஃபோர்னியாவில் இருக்கும் அவன் அக்கா ஆன்லினுக்கு நடந்தது.

அவர்கள் இருக்கும் ஃப்ரீமான்ட்டில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஜூன் மாசம்தானே, பீச்சுக்குப் போகலாம் என்று கணவன் ரூஃபஸும் அவளும் மூன்று வயது மகள் ஷெரினோடு கிளம்பினார்கள். ஒரு ஸ்வெட்டர்கூட எடுக்கவில்லை.

மலையைத் தாண்டியதும்... வெள்ளை. வைப்பர் போட்டும் விலகாத மூட்டம். பார்க்கிங்கில் நிறுத்தினால் கடலைக் காணோம், இரைச்சல் மட்டும். எங்கேயோ ஒரு ஹாரன் நின்று நின்று ஊதியது.

ரூஃபஸ் ரெஸ்ட்ரூம் தேடிப் போனான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆன்லின் நின்றாள்.

“பிள்ளைக்குக் குளிருகே...”

திரும்பினாள். பாறைமேல் நூல்சேலையில் ஒரு பெண். அழுகின பாசி வாசனை. ஆனால் நம்ம நாகர்கோவில் பேச்சு! வாரம் முழுக்கப் பேச்சுத்துணை இல்லாமல் கிடந்தவளுக்கு உயிர் வந்தது.

“அக்கா, இங்க தனியா என்ன பண்றீங்க?”

“எம் மவன் தண்ணிக்குள்ள நிக்கான். ஏறி வரமாட்டேங்கான். கூட விளையாட ஆளில்லன்னு ஒரே அழுகை.”

“ஆன்லின்! வா, போலாம்!” ரூஃபஸ் கத்தினான்.

“ஒருநாள் வீட்டுக்கு வாங்கக்கா,” என்றாள் அவசரத்தில். அட்ரஸ் இல்லை, நம்பர் இல்லை. நாம் எல்லாரும் வாய்க்கு வாய் சொல்வதுதான்.

அந்தப் பெண் எழுந்தேவிட்டாள். “கூப்பிட்டா வராம இருப்பேனா?”

காரில் ரூஃபஸ் கேட்டான். “யார்கிட்ட பேசிட்டிருந்தே? லூஸா நீ? அங்க வெறும் பாறைதான் இருந்துச்சு.”

பின்சீட்டில் ஷெரின் சிரித்தாள். “மம்மி, ஆன்ட்டி இஸ் ஆல் வெட்.”

மறுநாள் ஃப்ரீமான்ட் முழுக்க வெயில். இவர்கள் பெட்ரூம் கண்ணாடி மட்டும்... உள்பக்கமாகப் பனி பூத்திருந்தது. துடைத்தால் விரலில் உப்பு. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணினார். விலகவில்லை.

“நீ கூப்பிட்டதுதானே? நீயே போகச் சொல்லு,” என்றான் ரூஃபஸ்.

வீட்டுக்கு வந்தவர்களைப் போ என்று அவள் சொன்னதே இல்லை. அழுதுகொண்டே சொன்னாள். “மன்னிச்சிருங்கக்கா... போயிருங்க.”

கண்ணாடி தெளிந்துவிட்டது. அப்பாடா என்றிருந்தது.

புதன்கிழமை மத்தியானம், ஆன்லின் தூங்கவைத்துவிட்டு வந்த பிறகு ஷெரினின் குரல் ரூமுக்குள் கேட்டது. மெதுவாக... ரகசியம் மாதிரி... இங்கிலீஷ் மட்டுமே பேசுகிற பிள்ளை, சுத்தமான நாகர்கோவில் தமிழில்.

“அம்மா தூங்கினதும் வாரேன்.”

அதிலிருந்து ஆன்லின் கண்ணை மூடவில்லை. பிள்ளையின் கையை விடாமல் உட்கார்ந்திருக்கிறாள். ரூஃபஸ் ஆபீஸ் போயே ஆகவேண்டும், வேலை போனால் விசாவும் போய்விடும். காபி, காபி, மறுபடி காபி.

இன்றைக்கு ஜெஃப்ரின் ஃபோனில் கூப்பிட்டபோது, அவள் குரலுக்குப் பின்னால் யாரோ தாலாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்களாம்.

“ஷெரினைத் தூங்க வைக்கிறாங்களாக்கா?”

“இல்லடா...” ஆன்லின் கொட்டாவி விட்டாள். “அவ முழிச்சு என்னையே பாத்துட்டிருக்கா. பாட்டு... எனக்கு.”