நாலாவது மேசைக்கு வெளிச்சம்

— இருட்டுன்னா எவ்வளவு இருட்டு அண்ணே? பிள்ளைங்க சோத்தை வாய்க்குப் பதிலா மூக்குல வச்சிடப் போறாங்க.

— அப்படி விட்ருவேனா டீச்சர்? கதை என்னன்னா, நீங்க இந்த வருஷம் வச்சிருக்கிறது கடலடி விருந்து. கடலுக்கு அடியில டியூப் லைட்டா எரியும்? சுவரெல்லாம் நீலம். கூரையில தண்ணி அசையிற மாதிரி ஒரு வெளிச்சம். மேசைக்கு ஒரு சின்ன விளக்கு. அவ்வளவுதான்.

— போன வருஷம் காடுன்னு சொல்லி, பச்சைக் காகிதத்தை ஒட்டி ஒப்பேத்தினோம். இந்த வருஷம் நீங்களா போன் பண்ணி, இளைஞர் மன்ற விருந்துக்கு நானே லைட் போடுறேன்னு வந்து நிக்கிறீங்க. முப்பது பிள்ளைங்க சாப்பிடுற இடத்துக்குக் கல்யாண மண்டபத்து லைட்டு. எனக்கே கூச்சமா இருக்கு.

— செய்யணும்னு தோணுச்சு, செய்யறேன். விடுங்க. விருது வாங்குறவங்க எந்தப் பக்கமா ஏறுவாங்க?

— அந்தப் படியில ஏறி, வாங்கிட்டு, இந்தப் பக்கம் இறங்கிடுவாங்க.

— மேடையில எவ்வளவு நேரம் நிப்பாங்க?

— எதுக்கு?

— லைட்டுக்குத்தான் டீச்சர். வேற எதுக்கு?

— அரை நிமிஷம் நிப்பாங்க. எங்க வாலு மட்டும் மைக்கைப் பிடுங்கி அஞ்சு நிமிஷம் பேசுவான். அவனுக்கு ‘வாய் ஓயாதவன்’ விருது. எல்லாம் பிள்ளைங்களே ஓட்டுப் போட்டு வச்ச பேரு. முதல் ஆளா வந்து கதவைத் திறக்கிறவனுக்கு ‘சேவல்’. சண்டை தீர்த்து வைக்கிறவளுக்கு ‘நாட்டாமை’. அவ தீர்த்து வச்ச சண்டையில பாதி அவ மூட்டிவிட்டது, அது வேற விஷயம்.

— நாலாவது மேசையில யாருக்கு?

— வந்ததுலேருந்து பாக்குறேன், அது என்ன நாலாவது மேசை, நாலாவது மேசைன்னே இருக்கீங்க?

— அது தூணுக்குப் பின்னாடி வருதுல்ல, வெளிச்சம் சரியா விழாது. அதான்.

— தூணு ரெண்டாவது மேசைகிட்ட இருக்கு அண்ணே.

— ஆமாமா. ரெண்டாவது. ரெண்டாவதைத்தான் சொன்னேன்.

— நாலாவதுல ஒரு பொண்ணு. மூணு வருஷமா ஒரு ஞாயிறுகூட விடாம வந்தவ. ஆஸ்பத்திரி வார்டுல, கண்ணு தெரியாதவங்களுக்குப் பேப்பர் படிச்சுக் காட்டுறது அவ வேலை. மத்ததுங்க பரீட்சைம்பாங்க, காய்ச்சல்ம்பாங்க. இவ ஒரு நாள் சொன்னதில்ல. ‘லீவே போடாதவ’ன்னு அவளுக்கு விருது.

— ஞாயித்துக்கிழமை வீட்ல இருக்கப் பிடிக்காது அவளுக்கு.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— பொதுவாச் சொன்னேன். இந்த வயசுப் பிள்ளைங்க…

— அண்ணே, அந்த ஒயரைக் கீழ வைங்க. வச்சிட்டு இப்படி உக்காருங்க. அவ யாரு உங்களுக்கு?

— நேரமாச்சு டீச்சர், ஏணியை எடுத்து…

— ஏணி எங்கேயும் ஓடிப் போகாது.

— எம் பொண்ணு.

— ம்.

— ஞாயித்துக்கிழமைன்னா எங்கூடத்தான் மண்டபத்துக்கு வருவா. ஏணியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, “நீ ஏறுப்பா, நான் விட மாட்டேன்”ம்பா. அப்ப ஏழு வயசு. காத்தடிச்சா அவளே பறந்துடுவா, அவ பிடிக்கிறா ஏணியை!

— அப்புறம்?

— கதை என்னன்னா, ஊர்ல இருக்கிற பிள்ளைங்க பிறந்தநாளுக்கெல்லாம் லைட்டு போட்டவன் நான். எம் பொண்ணு கேக் வெட்டி நான் ஒரு தடவைகூட பாத்ததில்ல. வேலை முடிஞ்சு போனா, எனக்குன்னு ஒரு துண்டு எடுத்து வச்சிருப்பா. பதினோரு வயசுல, ஸ்கூல் ஆண்டு விழாவுல பாடுறேன்னா. கண்டிப்பா வரேன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணேன். அவ அம்மாவுக்கு டூட்டி. அன்னிக்குன்னு பாத்து ஒரு ரிசப்ஷன்ல கரண்டு போச்சு, அங்க ஓடினேன். விழா முடிஞ்சு பள்ளிக்கூட வாசல்ல ரெண்டு மணி நேரம் நின்னிருக்கா. வாட்ச்மேன்தான் வீட்ல கொண்டு விட்டிருக்காரு. அவ அம்மா போதும்னுட்டா. நியாயம்தானே டீச்சர்?

— எத்தனை வருஷமாச்சு?

— அஞ்சு. போன் பண்ணா எடுக்கிறதில்ல. அப்புறம் நம்பரே மாறிடுச்சு.

— இப்ப எங்க இருக்கீங்க?

— கடைக்குப் பின்னாடி குடோன்ல. சீரியல் பல்பு மூட்டைக்கு நடுவுல ஒரு கட்டில். ஆயிரம் பல்பு கிடக்கு, ஒண்ணைத்தான் எரிய விடுறேன். ஒரு ஆளுக்கு எதுக்கு ரெண்டு? சோறு வடிச்சா மிஞ்சுது, வடிக்காட்டி பசிக்குது. சில நாள் யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாம பொழுது போயிடும். சாயங்காலம் கடையில யாராவது கூப்பிட்டா தொண்டை அடைச்சிருக்கும். எதேச்சையா உங்க மன்றத்து விருந்து நோட்டீஸ்ல, நாலாவது மேசைன்னு போட்டு அவ பேரைப் பாத்தேன்.

— அதான் இருட்டு கேட்டீங்களா?

— நீல வெளிச்சத்துல என் மூஞ்சி தெரியாது. மேல பால்கனியில உக்காந்துக்கிறேன். சாப்பாடுகூட வேணாம். அவ மேடை ஏறுற அந்த அரை நிமிஷம், அவ மேல நல்ல வெளிச்சமாப் போட்டுப் பாத்துக்கிறேன். எவ்வளவு வளந்திருக்கான்னுகூட எனக்குத் தெரியாது டீச்சர். எல்லாம் முடிஞ்சதும் சத்தமில்லாம போயிடுவேன்.

— அவகிட்ட சொல்லாமலா?

— சொன்னா வர மாட்டா. அப்புறம் அவ பாடுபட்டு வாங்குற பரிசும் என்னால கெட்டுச்சுன்னு ஆகும்.

— எனக்கு மனசு ஒப்பல அண்ணே. ஒரு பிள்ளையை அவளுக்குத் தெரியாம ஒளிஞ்சு பாக்கிறது, அப்பாவா இருந்தாலும் சரியில்ல.

— நீங்க சொல்றதும் சரிதான். புத்தி கெட்டுப் போய் வந்துட்டேன். நான் வரல. எல்லாத்தையும் மாட்டிக் குடுத்துடறேன், அன்னிக்கு என் கூட்டாளி வந்து சுவிட்ச் போடட்டும். நாலாவது மேசைப் பொண்ணுக்கு மட்டும் வெளிச்சம் கொஞ்சம் தாராளமா போடச் சொல்றேன்.

— உக்காருங்க. நான் இன்னும் முடிக்கல.

— வேணாம் டீச்சர். அந்தப் பிள்ளையை மறுபடி கலங்க வைக்க எனக்குத் தெம்பில்ல.

— அலங்காரக் கமிட்டியில அவளும் இருக்கா. போன வாரம் கூரையை அளக்கிறேன்னு ஏணி மேல நின்னீங்களே, அந்தக் கதவுகிட்ட நின்னு பாத்துட்டுத்தான் போனா.

— யாரு?

— உங்க பொண்ணுதான். நீங்களா வாயைத் திறந்து சொன்னா மட்டும் சொல்லுங்க, இல்லாட்டி வேணாம்னா. அதான் இவ்வளவு நேரம் உங்களைக் கிண்டிக்கிட்டிருந்தேன், மன்னிச்சுக்கோங்க.

— என்ன சொன்னா டீச்சர்? வர மாட்டேன்னாளா?

— லைட்டு விஷயத்துல நீங்க எப்படிக் கேட்டாலும் அப்படியே விட்டுடச் சொன்னா. ஆனா அவ பேரைக் கூப்பிடும்போது மட்டும் ஹால்ல இருக்கிற அத்தனை லைட்டையும் போட்டுடணுமாம். அப்பா வந்திருக்காரான்னு மேடையிலேருந்து அவளே கண்ணால பாத்துக்கணுமாம்.