சீக்கிரம் பழுக்கும் ரகம்

பால்கனியில் தக்காளி போடுவதென்றால் குட்டை ரகம்தான் நல்லது, ஐயா. தொட்டியை விட்டு அதிகம் எழும்பாது, கொம்பு நட வேண்டாம், சீக்கிரம் பழுத்துவிடும். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காரவைத்திருக்கிற பெண்ணுக்கு இந்த ரகம் தெரியாது. அவள் ஊரில் எல்லாம் ஆள் உயரத்துக்கு வளர்கிற செடி. பக்கக் கிளையைக் கிள்ளிக் கிள்ளியே பழகிய கை. என் செடியிலும் கிள்ளினாள்.

"கிள்ளாதடி. இதுல பக்கக் கிளைலதான் காயே."

"கை சும்மா இருக்க மாட்டேங்குதும்மா" என்று சிரித்தாள். மறுபடியும் கிள்ளினாள்.

தக்காளி இலையைத் தொட்டால் விரலில் பச்சைக் கறை ஏறும், சோப்புக்கும் அசையாது. அந்தக் கறையைப் பார்த்துத்தான் என் மகள் அவளை இந்த ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தாள். பாவம், அவள் தொட்டது செடியை. பழத்தை என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தது நான்.

அவருக்குச் சிறுநீரகம் போய்விட்டது, டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்தார். தக்காளியைக் கண்ணில் காட்டக் கூடாது, அதிலுள்ள பொட்டாசியம் வெளியேறாமல் ரத்தத்தில் தங்கும், இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் என்னையும் மகளையும் உட்காரவைத்துச் சொன்னார். எனக்கு நன்றாகவே புரிந்தது. பிறகு மகள் வேலைப் பயிற்சிக்காக வெளியூர் போனாள். அவரைத் தூக்கி உட்காரவைக்க அந்தப் பெண்ணை ஏற்பாடு செய்துவிட்டுப் போனாள்.

அவர் என்னிடம் எதையும் கேட்டவர் இல்லை. சொல்வார், நான் செய்வேன். சாப்பாட்டைப் பார்க்காமலே தட்டைத் தள்ளுவார். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள், "ஒரே ஒரு தக்காளி, உப்பு தொட்டு. குடும்மா" என்றார். அந்த 'குடும்மா'வை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை, ஐயா. சமையலறையில் போய் நின்று எனக்கு நானே சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

கடையில் வாங்கினால் மகளுக்குத் தெரிந்துவிடும். காய்கறியை அவள்தான் அங்கிருந்தே சொல்லி அனுப்புவாள். அதனால் நாற்றுக் கடைக்குப் போனேன்.

"அவசரமாம்மா?"

"ஆமாப்பா. பொண்ணு திரும்பறதுக்குள்ள பழுக்கணும்."

"ஓ, பொண்ணுக்கு ஆச்சரியமா வச்சிருக்கீங்களா?"

"அப்படித்தான் வச்சுக்கோயேன்."

முதல் பழத்தை நான்காக அரிந்து ஒரு துண்டு கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டார். "உன் கைக்கு என்ன ருசி" என்றார். அடுத்த துண்டுக்குக் கொஞ்ச நேரம் கெஞ்சவிட்டேன். அந்தப் பெண் குளிக்கப் போகும் நேரமாகப் பார்த்துத்தான் எல்லாம். கேட்டார், கொடுத்தேன். மகளிடமும் அதைத்தான் சொல்வதாக இருந்தேன்.

குட்டை ரகத்தில் ஒரு தொல்லை, எல்லாம் ஒரே சமயத்தில் பழுத்துவிடும். தட்டு நிறைந்துவிட்டது. நடுவில் டாக்டர் கூப்பிட்டார். "ரத்தத்துல ஏறியிருக்கும்மா. என்ன குடுக்கறீங்க?"

"நீங்க சொன்னதுதான் டாக்டர்" என்றேன். போனை வைத்துவிட்டு இன்னொரு பழத்தை அரிந்தேன்.

அவர் போன செய்தி கேட்டு மகள் வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். "அக்கா, சத்தியமா செடியைத்தான்கா தொட்டேன்" என்று அழுதாள். என்னைப் பார்த்து, "அம்மா, நீங்க சொல்லுங்கம்மா" என்றாள். நான் சொல்லவில்லை. அவளுடைய அந்த முகம் இரண்டு நாளாக என் சோற்றில் வந்து உட்காருகிறது. அவளை அனுப்பிவிடுங்கள். அவளுக்காகத்தான் வந்தேன்.

கேட்டார், கொடுத்தேன் என்று சொன்னேன் இல்லையா. அதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம். கடைசி நாள் அவர் கேட்கவில்லை. "வேண்டாம்மா, நெஞ்சு என்னமோ பண்ணுது, டாக்டரைக் கூப்பிடு" என்றார். வாயை இறுக்க மூடிக்கொண்டார். பழம் மிச்சம் இருந்தது.

"வாயைத் திறங்க" என்றேன். அதட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். திறந்தார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் என் பேச்சைக் கேட்டது அன்றைக்குத்தான், ஐயா.