செவ்வாய்க்கிழமை தெரிந்த மரம்

– மரத்துக்குக் காலை தெரியும், மத்தியானம் தெரியும். வெயில் தெரியும், குளிர் தெரியும். செவ்வாய்க்கிழமை எப்படித் தெரியும்? அதை மட்டும் சொல்லு, நாத்தனாரே.

– என்னைக் கேட்டா? இலை வாசனையை ஆராயற வேலை உங்களுக்கு. எனக்குத் துணி மடிக்கற வேலை. நகருங்க அண்ணி, போர்வை மேல உக்காந்திருக்கீங்க.

– இந்தக் காகிதத்தைப் பாத்துட்டு மடி. பின்வாசல் மரத்தோட வாசனையை மெஷின் அளந்து போட்ட கோடு இது. வெயில் ஏற ஏற இலை வாசனையை வெளிய விடும், கோடும் ஏறும். மத்தியானம் ரெண்டு மணிக்கு உச்சி. நடுவுல மேகம் மூடினா உடனே குனிஞ்சுக்கும். பொழுது சாய்ஞ்சா இறங்கி, ராத்திரி படுத்துடும்.

– அண்ணன் மாதிரி.

– உங்க அண்ணனுக்கு உச்சியே கிடையாது. கேளு. தளிர் விடற காலத்துல வாசனையை வாரி இறைக்கும். இலை முத்த முத்தக் கஞ்சத்தனம். இந்தக் குளிருக்குக் கோடு தரையோட தரையா கிடக்கணும். ஆனா பாரு, செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் நாலரைக்கு ஒரே தாவு!

– மெஷின் கெட்டுப்போயிருக்கும்.

– கிழமை பாத்துக் கெட்டுப்போற மெஷினா?

– சும்மா யாராவது இலையைக் கிள்ளியிருப்பாங்க.

– கிள்ளினா புல்லு வெட்டின மாதிரி பச்சை வாசனை வரும். அது வேற. இது என்ன வாசனை தெரியுமா? டர்ப்பன்டைன்.

– அப்படின்னா?

– மரத்துக்குப் போடற பாலிஷ்ல கலக்கறது. பைன் மரத்துப் பிசின்லேர்ந்து எடுப்பாங்க. நம்ம மரம் பைனும் இல்ல, பிசினும் இல்ல. ஏன் அந்தப் போர்வையை மூணாவது தடவையா மடிக்கற?

– ஓரம் சேரலை.

– பக்கத்து வீட்டுக் கதவுக்கு ஒருத்தர் பாலிஷ் போடறாரே, அஞ்சு வாரமா! தேய்ச்ச தேய்ப்புல அந்தக் கதவு அட்டையாயிருக்குமே.

– சும்மா அவரை இழுக்காதீங்க. நாலு கதவு, ரெண்டு அலமாரி, ஒரு ஊஞ்சல் பலகை. தனி ஆளு, பாவம்.

– எண்ணி வெச்சிருக்க.

– ஜன்னல்லேர்ந்து தெரியுது.

– சரி. நாலரைக்கு நீ மரத்தடியில என்ன பண்ற?

– நிழலுக்கு நிக்கறேன்.

– நிழலுக்கு.

– ஆமா. அடர்த்தியா, குளுகுளுன்னு இருக்கும்.

– இந்தக் குளிர்ல.

– அப்போ சருகு கூட்டப் போறேன்னு வெச்சுக்கோங்க.

– அதை உங்க அண்ணன் சாக்குச் சாக்கா அள்ளிட்டு, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தாரே. கவனிக்கலையா?

– அண்ணன் எப்பவும் ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருப்பார்.

– சரி, விளையாட்டை விடு. ஆறு மணிக்கு அவர், உனக்குப் பாத்திருக்கற கப்பல் வேலை மாப்பிள்ளை வீட்டுக்கு போன் போட்டு, எங்களுக்குச் சம்மதம்னு சொல்லப் போறார். இப்போ மணி அஞ்சேகால்.

– தெரியும்.

– நீ வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னியா?

– கேட்டப்போ ‘உங்க இஷ்டம்’னு சொன்னேன்.

– அவரும் அவர் இஷ்டத்துக்கு எடுத்துக்கிட்டார். உன் இஷ்டம் என்ன?

– இந்தத் தலையணை உறை எல்லாம் எங்க போச்சுன்னு தெரியல.

– அப்போ இந்தக் கோட்டை அவர் முன்னால விரிச்சுடறேன். நீ பேசலைன்னா மரம் பேசட்டும்.

– ஐயோ அண்ணி, வேணாம்! சத்தியமா நாங்க அந்தப் பையைத் தொடவே இல்ல.

– எந்தப் பை?

– கிளையில இலைக்கு மாட்டி, பம்பு வெச்சுக் காத்தை இழுப்பீங்களே, அந்தப் பை. பம்பு சத்தம்கூட எங்களுக்குக் கேக்கலையே! ரெண்டடி தள்ளித்தான் நிப்போம்.

– நிப்போம்.

– ஆமா, நிப்போம். அவரும் நானும். போதுமா? எனக்கு அவரைப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. கப்பலை நினைச்சாலே தலை சுத்துது.

– கப்பல்னா சுத்தத்தான் செய்யும்.

– சிரிக்காதீங்க. ஒரு வாரமா எனக்குத் தூக்கமில்ல. பாலிஷ் போடறவர்னு சொன்னா அண்ணன் என்ன நினைப்பாரோ.

– உங்க அண்ணன் என்னைக் கல்யாணம் பண்ணிக்கறியான்னு கேட்டப்போ நான் மரத்து மேல உக்காந்து இலைக்குப் பை மாட்டிக்கிட்டு இருந்தேன். நான் இறங்கி வந்து சரின்னு சொல்ற வரைக்கும் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னவர் அவர். என்ன வேலைன்னு பாக்கற ஆள் இல்ல. ஆனா, இது சும்மா வேடிக்கையா நிஜமான்னு கேப்பார். ஒரு அத்தாட்சி வேணும்பார்.

– அதுக்குன்னு இந்தக் கோட்டையா காட்டுவீங்க? மானம் போயிடும். உங்க ஆராய்ச்சியில வேற சேர்த்துடாதீங்க அண்ணி, உங்களுக்குப் புண்ணியமா போகும். கிழிச்சிடுங்க.

– தாராளமா நீயே கிழி. உன் பென்சிலை எடுத்து இன்னிக்குக் காலையில நான் வரைஞ்சதுதான்.

– வரைஞ்சதா! அப்போ டர்ப்பன்டைன்?

– உன் துப்பட்டாவுல அடிக்குது. அதுக்கு மெஷின் எதுக்கு, மூக்கு போதாதா?

– மரத்துல மாட்டின பை?

– கழட்டி வெச்சு ஆறு வாரம் ஆச்சு. இங்க வா. ஜன்னலைத் திற. நிமிர்ந்து பாரு.

– ஐயையோ... மரத்துல ஒரு இலைகூட இல்லையே அண்ணி!

– அஞ்சு வாரமா இந்த மொட்டை மரத்தடியில நின்னும் ரெண்டு பேரும் ஒரு தடவைகூட மேல பாக்கலை. வா, உங்க அண்ணனுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேணும்?