டயரின் உள்பக்கம்

பாதி தார் ரோடு, பாதி சரளைப் பாதை என்று தினமும் சைக்கிளில் போய்வருகிறவர்கள் டயர் வாங்குவதில் அவசரப்படக் கூடாது சார். முரட்டு ரப்பர்க் கட்டைகள் வைத்த டயரை மாட்டினால் தார் ரோட்டில் மிதித்து மிதித்துக் கால் கழன்றுவிடும். வழவழப்பானதை மாட்டினால் சரளையில் சறுக்கும். நடுவில் வழவழப்பு, இரண்டு ஓரத்திலும் கட்டை, ரப்பருக்கு அடியில் முள் இறங்காதபடி ஒரு கெட்டிப் பட்டை, அப்படி ஒன்றுதான் சரிப்படும். என் தங்கைக்கு நான் தேடி எடுத்துக் கொடுத்தது அந்த மாதிரி டயர்தான். உங்கள் மேசைமேல் கிடக்கிறதே, அதில் ஒரு குறையும் இல்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அவளோடு வேலை பார்க்கிற ஒரு அம்மா, மட்டமான டயரால்தான் விபத்து என்று இங்கே ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். எனக்குச் சரக்கு போடுகிற வியாபாரியைக் கூப்பிட்டு விசாரிக்கப் போவதாகச் சொன்னீர்கள். பாவம், நல்ல மனிதர். சரக்கில் ஒருநாளும் ஏமாற்றியதில்லை. அவர்மேல் வீண்பழி விழுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எனக்கும் மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது.

சைக்கிள் கடை அப்பாவுடையது. அம்மா முதலில் போனார், பின்னாலேயே அப்பாவும் போய்ச் சேர்ந்தார். தங்கை அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தாள். 'வாலு' என்றுதான் அவளைக் கூப்பிடுவேன், அவ்வளவு சேட்டை. கிரீஸ் கையோடு அவளுக்குத் தலை பின்னிவிடுவேன். உன் தலைக்கு என்ன எண்ணெய் தேய்க்கிறார்கள் என்று டீச்சர் கேட்டாராம். என்னைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளக் கேட்ட ஒருவரிடம், இவளும் என்கூடத்தான் இருப்பாள் என்றேன். அவர் மறுபடி அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அதையெல்லாம் நான் அவளிடம் சொல்லிக்காட்டியதே இல்லை. கோபத்தில் இரண்டொரு தடவை சொல்லியிருப்பேன், அவ்வளவுதான்.

படித்தாள். அணைக்குப் பக்கத்தில் இருக்கிற குடிநீர் நிலையத்தில், தண்ணீரைச் சோதிக்கிற வேலை கிடைத்தது. காலையில் முதல் தண்ணீரை எடுத்துச் சோதிப்பது அவள் பொறுப்பு. அவள் தாமதமானால் எல்லாம் தாமதமாகும். முதல் வருஷம் தற்காலிகம்தான். நிரந்தரமாகிவிட்டால் அங்கேயே குடியிருக்க வீடு கொடுப்பார்கள். அதைச் சொல்லும்போது அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை.

"அக்கா, ஜன்னலைத் தொறந்தா தண்ணிதான் தெரியும். நீ ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்துடு, என்ன?"

வளர்த்தவளை ஒரே வாக்கியத்தில் விருந்தாளியாக்கிவிட்டாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் பஞ்சர் தானாக வந்தது, அதை நீங்கள் நம்ப வேண்டும். ஏதோ முள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்கே திரும்பி வந்தாள். இனிமேல் போய்ப் பிரயோஜனமில்லை என்று லீவு சொல்லிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரையெல்லாம் கிண்டலடித்துக்கொண்டிருந்தாள். "ஊர் சைக்கிளெல்லாம் உன்னால ஓடுது, உன் தங்கச்சி மட்டும் தள்ளிக்கிட்டு வர்றா. கடை மானம் போகுதுக்கா" என்றாள். நான் சிரித்தேன். அப்படிச் சிரித்து எவ்வளவு காலமாகிவிட்டது என்று அப்புறம்தான் தோன்றியது.

பஞ்சர் ஒட்டுகிறவர்கள் எல்லோரும் செய்கிற ஒரு வேலை இருக்கிறது சார். டியூபை ஒட்டியதும் அப்படியே உள்ளே போட மாட்டோம். ஒரு பழந்துணியை எடுத்து டயரின் உள்பக்கத்தைச் சுற்றிலும் தடவுவோம். முள்நுனி ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் துணியில் சிக்கும், பிடுங்கிவிடுவோம். தடவாமல் விட்டால் அதே இடத்தில் மறுபடி குத்தும். அன்றைக்குத் தடவினேன். முள் சிக்கியது. பிடுங்கவில்லை.

பெரிதாக ஒன்றும் செய்யவில்லை பாருங்கள். ஒரு வேலையைச் செய்யாமல் விட்டேன். அவள் மறுபடி திரும்பி வந்தாள். பிறகு இன்னொரு தடவை. அதற்குள் ஆபீசில் கூப்பிட்டு எச்சரித்துவிட்டார்கள், இனி ஒரு தடவை தாமதமானால் வேலை இல்லை என்று. அன்று ஸ்டூலில் உட்கார்ந்தவள் யாரையும் கிண்டலடிக்கவில்லை.

"அக்கா, எனக்கு இந்த வேலை வேணும்க்கா. பஞ்சரே ஆகாத டயரா ஒண்ணு பாத்துக் குடேன்."

பார்த்துக் கொடுத்தேன். ஆணியை வைத்து அழுத்திப் பார்த்துத்தான் எடுத்தேன். நீங்களே வேண்டுமானால் குத்திப் பாருங்கள், இறங்காது. ஆனால் அந்தப் பட்டை வெளியிலிருந்து வருவதைத்தான் தடுக்கும். லாரி டயர் தேய்ந்து ரோட்டில் சிதறுகிற மெல்லிய கம்பி ஒன்று கடையில் கிடந்தது. அதைத் துளி நறுக்கி உள்பக்கமாகச் செருகினேன். பின்சக்கரத்தில் காற்றுப் போனால் தள்ளுவது சிரமம். அவள் கஷ்டப்படக் கூடாது என்று முன்சக்கரத்தில் வைத்தேன். காற்று மெல்லத்தான் இறங்கும், தார் ரோடு முடிவதற்குள் சக்கரம் உட்கார்ந்துவிடும், இறங்கித் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். வேலை போயிருக்கும். கொஞ்ச நாள் அழுதிருப்பாள். பிறகு எல்லாம் பழையபடி ஆகியிருக்கும்.

ஒன்றை மறந்துவிட்டேன். தார் ரோட்டுக்குக் காற்று இறுக்கமாக இருக்க வேண்டும், சரளைக்குக் கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் பிடிமானம். அதனால் தார் முடிகிற இடத்தில் இறங்கி, முன்சக்கரத்தில் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டுத்தான் அவள் அணைச் சரிவில் போவாள். நான் சொல்லிக்கொடுத்த பழக்கம்தான். பழைய மெல்லிய டயராக இருந்திருந்தால், அழுத்திப் பார்த்ததும் காற்று குறைந்திருப்பது விரலுக்குத் தெரிந்திருக்கும். இது தடித்த டயர். காற்று பாதி போனாலும் கெட்டியாகத்தான் இருக்கும். மீதியிருந்ததிலும் கொஞ்சம் திறந்துவிட்டாள். சரிவு வளைகிற இடத்தில் டயர் சக்கர விளிம்பை விட்டுக் கழன்றது. கீழே பாறை.

கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் கதறியதை எல்லோரும் பார்த்தார்கள். அது நடிப்பில்லை சார். என் உயிரே அவள்தான்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே அவள் கட்டிலைப் போட்டிருக்கிறேன். தலை பின்னிவிடுகிறேன், கையை நன்றாகக் கழுவிக்கொண்டுதான். வந்த அன்றைக்கு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அக்கா, டயர் உள்பக்கம் தடவிப் பாத்தியா?"

"பாத்தேன்டி" என்றேன்.

அதன்பிறகு அவள் என்னோடு பேசவில்லை. நான் ஸ்பூனைக் கொண்டுபோனால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து ஊட்டினால் நாலு வாய் சாப்பிடுகிறாள், ஏதோ பேசவும் செய்கிறாள். நரம்புக் கோளாறாக இருக்கும். டாக்டரைக் கேட்க வேண்டும்.

எழுதிவிட்டீர்களா? எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். கொஞ்சம் சீக்கிரம் அனுப்பிவிட்டால் நல்லது. சாப்பாட்டு வேளை ஆகிவிட்டது, நான் போய் ஊட்டாவிட்டால் அவள் பட்டினியாகவே கிடப்பாள் சார்.