தரையிலிருந்து எழக் கற்றுக்கொடுத்த கண்டக்டர்

மேடையில் அமர்ந்திருக்கும் நிர்வாகி ஐயா அவர்களே, நம் மூத்தோர் கற்றல் மையத்தின் ஆசிரியர்களே, முன்வரிசையில் இருக்கும் கண்டக்டர் ஐயாவின் மகளே, பேரப்பிள்ளைகளே, செவ்வாய்க்கிழமை வகுப்பின் மாணவர்களே, அனைவருக்கும் என் வணக்கம். செவ்வாய்க்கிழமை மாணவர்களில் இளையவருக்கு அறுபத்தொரு வயது, மூத்தவருக்கு எண்பத்தெட்டு. உங்கள் முன் அவரைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி இருக்கிறது? இந்த மையத்துக்கு வாரம் இரண்டு நாள் வந்து போகும் பிசியோதெரபிஸ்ட் நான். அவரோடு மூன்று ஆண்டுகள் வேலை செய்தேன். அவ்வளவுதான்.

நம் மதிப்புக்குரிய கண்டக்டர் ஐயா மறைந்து இரண்டு வாரங்கள் ஆகின்றன. காலையில் காய்கறி வாங்கி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, மகளிடம் தண்ணீர் கேட்டார். தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார். இதயம் என்றார்கள். அவர் விழவில்லை. இதை நான் சொல்லக் காரணம் இருக்கிறது. செய்தி தெரிந்த அன்று நீங்கள் ஒவ்வொருவரும் என்னிடம் முதலில் கேட்டது அதைத்தான்: “விழுந்துட்டாராம்மா?”

அவர் பயிற்சியாளராக வரவில்லை, முழங்கால் வலிக்காரராக வந்தார் என்பது பலருக்குத் தெரியாது. அப்போதிருந்த பயிற்சியாளர் எல்லோரையும் ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னாராம். எல்லோரும் சுவரைத் தேடி ஓட, இவர் மட்டும் கூடத்தின் நடுவில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். எப்படி என்று கேட்டதற்கு, “முப்பத்து நாலு வருசம் ஓடுற பஸ்ல கம்பியப் பிடிக்காம டிக்கெட் கிழிச்சவன்யா நான்” என்றாராம். பிறகு அறுபத்து நாலாம் வயதில் படித்து, ஒருமுறை தோற்று, மறுமுறை எழுதி, முதியோர் உடற்பயிற்சிச் சான்றிதழ் வாங்கி, இங்கேயே பயிற்சியாளரானார். தோற்றதைத்தான் அடிக்கடி சொல்வார். சான்றிதழ் எங்கே இருக்கிறது என்று அவருக்கே தெரியாது.

அவருடைய வகுப்பை ஒரு நாளாவது பார்த்தவர்கள் மறப்பார்களா? “எல்லாரும் கால அகட்டி நில்லுங்க. முட்டிய லேசா மடக்குங்க. டிரைவர் இப்ப பிரேக் போடப் போறாரு… போட்டுட்டாரு!” இருபத்தாறு பேரும் ஒன்றாகச் சாய்ந்து நிமிர்வார்கள். நம் தையல்கார அம்மா சும்மா இருப்பாரா? “எந்த டிரைவரு? உங்க வயசுக்கு அவரும் ரிட்டயர் ஆகியிருப்பாரே” என்பார். “அதான்மா பிரேக் சரியா பிடிக்கல” என்பார் இவர்.

வகுப்பின் கடைசிக் கால்மணி நேரம் தரைக்கு உரியது. ரப்பர் விரிப்பில் எல்லோரும் படுக்க வேண்டும். பிறகு யாருடைய கையையும் பிடிக்காமல் எழுந்திருக்க வேண்டும். அதை அவர் ஐந்து ஸ்டாப்பாகப் பிரித்திருந்தார். ஒருக்களித்துப் படுப்பது முதல் ஸ்டாப். முழங்கையை ஊன்றுவது இரண்டாவது. கையும் முட்டியும் ஊன்றித் தவழும் நிலை மூன்றாவது. நாற்காலிவரை தவழ்ந்து போய் அதன்மேல் கை வைப்பது நாலாவது. பலமான காலை முன்னால் வைத்து எழுந்து உட்கார்வது கடைசி. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்று, மூச்சு வாங்கி, எங்கேயாவது வலிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். “அவசரமே இல்ல. தரை எங்கயும் ஓடிப் போயிடாது” என்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை நம் தையல்கார அம்மா இரண்டாவது ஸ்டாப்பில் நிற்கவில்லை. பக்கத்து விரிப்பில் இருந்தவர் முந்திவிடுவார் என்று, “நான் எக்ஸ்பிரஸ்” என்று சொல்லிக்கொண்டே உடம்பின் பாரம் முழுவதையும் மணிக்கட்டில் போட்டு எழுந்தார். எலும்பில் மெல்லிய விரிசல். மறுநாள் அவருடைய மகன் அலுவலகத்துக்கு வந்து கத்தினார். “வயசானவங்களத் தரையில உருட்டுறதுக்குப் பேரு வகுப்பா?” என்று கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் இல்லையா? இருந்தது. நிர்வாகி என்னிடம் எழுத்தில் கருத்துக் கேட்டார். நான் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். தரைப் பயிற்சி பாதுகாப்பானதல்ல, இனி எல்லாப் பயிற்சியும் நாற்காலியில் அமர்ந்தே நடக்கட்டும் என்று எழுதினேன்.

அந்த நாலு வரியை எழுதும் முன் நான் அந்தக் கால்மணி நேரத்தை ஒருமுறைகூட முழுதாகப் பார்த்திருக்கவில்லை. அந்த நேரத்தில் நான் வழக்கமாக என் அறையில் இருப்பேன்.

கண்டக்டர் ஐயாவிடம் கடிதத்தை நானே கொடுத்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். “படிச்சவங்க நீங்க. சரிம்மா” என்றார். விரிப்புகளை அவரே சுருட்டி, கயிறு கட்டி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். அதன்பின் ஐந்து மாதம் நாற்காலி வகுப்புதான் நடந்தது. அதிலும் அவர் குறை வைக்கவில்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் அந்தக் கால்மணி நேரம் யாரும் வீட்டுக்குப் போகாமல் சும்மா உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என் அறைக்குத் திரும்பினேன்.

மூன்றாவது மாதம், மணிக்கட்டு ஆறியிருந்த தையல்கார அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். மகன் வேலைக்குப் போயிருந்தார், வீட்டில் வேறு யாரும் இல்லை. நல்லவேளையாக எலும்பு எதுவும் முறியவில்லை. எழுந்து வர இருபது நிமிடம் ஆனதாம். மறுநாள் என் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: “ஒரு ஸ்டாப்பும் விடலம்மா. எல்லாத்துலயும் நின்னேன். குளியலறையில நாற்காலிக்கு எங்க போறது? வாளியக் கவுத்துப் போட்டு அதப் பிடிச்சேன். உங்க நாற்காலி வகுப்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் நாற்காலியில இருந்து விழல பாருங்க.”

நான் தவறாக எழுதிவிட்டேன் என்று அன்றே எனக்குத் தெரியும். கடிதத்தைத் திரும்பப் பெற எவ்வளவு நேரம் ஆகும்? எழுதிய நேரம்கூட ஆகாது. அடுத்த வாரம் என்றேன். மாத இறுதி என்றேன். கூட்டம் முடியட்டும் என்றேன். என் கையெழுத்தை நானே அடிப்பதற்கு எனக்குக் கூச்சமாக இருந்தது, உண்மை அதுதான். இரண்டு மாதம் அப்படியே போயிற்று. ஒவ்வொரு செவ்வாயும் கண்டக்டர் ஐயா என் அறையைத் தாண்டிப் போகும்போது, “வரேம்மா” என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

அவருடைய மகள் அனுமதி கொடுத்ததால் இன்னொன்றையும் சொல்கிறேன். இறுதிச் சடங்கு முடிந்த மறுநாள் அவர் எனக்குச் சொன்னது இது. பல ஆண்டுகளுக்கு முன் கண்டக்டர் ஐயா காலை வண்டிக்குப் போயிருந்தபோது, அவர் மனைவி சமையலறையில் விழுந்தார். அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் எழத் தெரியவில்லை. அவர் டியூட்டி முடிந்து வரும்வரை ஆறு மணி நேரம் தரையிலேயே கிடந்திருக்கிறார். அதன்பின் நாலு ஆண்டுகள் இருந்தார். அந்த நாலு ஆண்டும் தனியாகச் சமையலறைக்குள் கால் வைக்கவில்லை. “அம்மா விழுந்ததுக்கு அப்பா வருத்தப்படல. எந்திரிக்கச் சொல்லித் தரலையேன்னுதான் வருத்தப்பட்டாரு” என்றார் மகள்.

நான் கடிதத்தை நீட்டிய அன்று இதை அவர் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே கிழித்துப் போட்டிருப்பேன். ஏன் சொல்லவில்லை? தன் வீட்டுத் துக்கத்தைக் காட்டி ஒரு காரியத்தைச் சாதிக்க அவருக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் சொல்லாமலே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அதற்கு நான் அந்த விரிப்பில் ஒரு முறை படுத்துப் பார்த்திருந்தாலே போதும்.

போன வாரம் படுத்துப் பார்த்தேன். எனக்கு இருபத்தொன்பது வயது. அவருடைய ஐந்து ஸ்டாப்பையும் விட்டுவிட்டு, கைகளை ஊன்றாமல் எழ முயன்றேன், முடியவில்லை. கூரை எவ்வளவு உயரம் என்பது கீழே கிடக்கும்போதுதான் தெரிகிறது.

நிர்வாகி ஐயா, நான் எழுதிய கருத்தைத் திரும்பப் பெறுவதாக இன்று காலை உங்கள் மேசையில் கடிதம் வைத்திருக்கிறேன். “பாக்கலாம்மா, இப்ப என்ன அவசரம்” என்றீர்கள். உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. அதை உங்களுக்குக் கொடுத்ததே நான்தான். இனி தரைப் பயிற்சியில் மூன்று பேருக்கு ஒருவர் பக்கத்தில் இருப்பார். ஒவ்வொருவரின் மூட்டையும் எலும்பையும் நான் முன்கூட்டியே சோதிப்பேன். யாருக்காவது அடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நான், அதையும் அந்தக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். தையல்கார அம்மாவின் மகன் உதவிக்கு வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்.

கண்டக்டர் ஐயா, உங்களைப் போல எனக்குச் சிரிக்க வைக்கத் தெரியாது. ஓடும் பஸ்ஸில் நிற்கவும் தெரியாது. உங்கள் மாணவர்களை இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மாணவர்களே, வரும் வாரம் காலை பத்து மணிக்கு வாருங்கள். தளர்வான உடை போட்டுக்கொள்ளுங்கள், முழங்கால் வலிக்காரர்கள் என் பக்கத்தில் இருங்கள். கூடத்தின் சாவி கிடைத்தால் உள்ளே விரிப்போம். கிடைக்காவிட்டால் வராந்தாவில். அதுவும் தரைதான்.